எரிந்த கட்சியும் எரியாத கட்சியும்

பொன்னேரியில் நான் பாடம் சொல்லும் எட்டாம் வகுப்பிலே ஒரு சிறுவன் இருக்கிறான். அவன் தந்தை கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், இரும்பு உருக்கும் ஆலையொன்றில் உலை முன் நின்று உழைப்பவர். பிழைப்புத் தேடிப் பீகாரிலிருந்து வந்த குடும்பம். நம் பிள்ளைகளோடு பழகிப் பழகித் தமிழைத் தங்குதடையின்றிப் பேசக் கற்றுக்கொண்டான் அச்சிறுவன்.

மாசி முழுநிலவு கழிந்த இரண்டாம் நாள் காலை அவன் வகுப்புக்கு வந்தபோது, காதுமடலில் ஊதாவும் கழுத்தில் சிவப்பும் கழுவியும் போகாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. வகுப்பு சிரித்தது. "வடக்கத்திப் பண்டிகை ஐயா!" என்று ஒருவன் கேலி பேசினான். சிறுவன் சளைக்கவில்லை. "சாயம் பூசுவது மட்டுமா? எங்கள் ஊரில் முதல் நாள் இரவு பெரிய தீ மூட்டுவோம்" என்றான். யாரை எரிப்பீர்கள் என்று கேட்டேன். "ஹோலிகாவை" என்றான்.

அப்போது ஒரு மாணவி எழுந்தாள். அவள் பாட்டனார் தஞ்சைப் பக்கத்திலிருந்து இங்கு வந்து குடியேறியவர். "எங்கள் தாத்தா ஊரிலும் அதே நிலவுக்குத்தான் எரிப்பார்களாம் ஐயா. ஆனால் அங்கே எரிவது காமன்" என்றாள். சற்று நின்று, அவளே கேட்டாள்: "ஒரே இரவு, ஒரே தீ. அங்கே ஒரு பெண்ணை எரிக்கிறார்கள், இங்கே ஓர் ஆணை எரிக்கிறார்கள். இதில் எது உண்மை? எதற்காக யாரையாவது எரிக்க வேண்டும்?"

மணி அடித்துவிட்டது. அரைகுறையாக ஏதோ சொல்லி அனுப்பினேன். ஆயினும் அந்த வினா என்னோடு வீடுவரை வந்தது. பகுத்தறிவு பேசும் நாம், பதின்மூன்று வயதுப் பெண்ணின் கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களன்றோ? அந்தப் பதிலையே இங்கே எழுதுகிறேன்.

ஒரு தீ, பல கதை

வடவர் பால்குனம் என்று வழங்கும் திங்களின் முழுநிலவு, நம் மாசியிலோ பங்குனியின் தொடக்கத்திலோ வரும். குளிர் விடைபெற்று வெயில் தலைகாட்டும் நேரம். அந்த முழுநிலவுக்கு இந்தியத் துணைக்கண்டத்திலே எத்தனை கதைகள் என்று எண்ணிப் பாருங்கள்.

பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் சொல்லப்படுவது ஹோலிகாவின் கதை. இரணியனின் உடன்பிறந்தாள் அவள். தீ தன்னைச் சுடாது என்ற வரம் பெற்றவள். அண்ணன் சொற்படி பிரகலாதனை மடியில் வைத்துக்கொண்டு நெருப்பில் அமர்ந்தாள். பிள்ளை பிழைத்தான், அத்தை எரிந்தாள். ஆண்டுதோறும் அவளை மீண்டும் மீண்டும் எரித்து மகிழ்கின்றனர்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது? பிரகலாதன் வரலாற்றை விரித்துரைக்கும் பழைய நூல்கள் விஷ்ணு புராணமும் பாகவதமும். இரண்டிலும் பிரகலாதனைத் தீயில் இடுகிறார்கள், தீ அவனைச் சுடவில்லை. ஆனால் மடியில் வைத்து அமர்ந்த ஹோலிகாவை அங்கே காணோம்! பவிஷ்ய புராணமோ இதே விழாவுக்கு வேறொரு கதை சொல்கிறது. இரகு என்னும் அரசன் நாட்டிலே பிள்ளைகளை வருத்திய அரக்கி ஒருத்தியை, சிறுவர்கள் விறகு குவித்துத் தீ மூட்டி, கூச்சலிட்டு, வசைமாரி பொழிந்து விரட்டினராம். அங்கே இரணியனும் இல்லை, பிரகலாதனும் இல்லை.

வங்கத்துக்குச் செல்லுங்கள். அங்கே அந்த நிலவு கண்ணனை ஊஞ்சலில் வைத்து ஆட்டும் நாள். 1486இல் அதே நிலவில் சைதன்யர் பிறந்தார் என்பதால், அவர் வழியினருக்கு அது குருவின் பிறந்தநாளுமாயிற்று. தமிழகத்துக்கு வாருங்கள். தஞ்சை, புதுக்கோட்டை, சேலம் வட்டாரச் சிற்றூர்களில் அது காமன் பண்டிகை. மன்மதனைச் சிவன் நெற்றிக்கண்ணால் எரித்த நாள்!

விழா ஒன்று; விளக்கம் நான்கு. நான்கும் உண்மையாக இருக்க முடியாது. நான்கும் விழாவுக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவையாக இருக்க முடியும்.

கதைக்கு முந்திய களம்

வேத வேள்விகளுக்கு விதி வகுத்த மீமாம்சை நூலுக்கு உரை கண்டவர் சபரர். கீழ்த்திசை மக்கள் கொண்டாடும் ஹோலாகம் என்றொரு வழக்கத்தை அவர் எடுத்துக்கொண்டு, அது கீழ்த்திசையார்க்கு மட்டும் உரியதா, எல்லார்க்கும் உரியதா என்று வழக்காடுகிறார். அவர் காலத்திலேயே அது வட்டார மக்களின் வழக்கமாக நிலைபெற்றிருந்தது என்பது இதனால் விளங்கும்.

இன்றும் வடபுலத்துச் சிற்றூர்களில் அந்தத் தீயிலே கோதுமைக் கதிரையும் வாற்கோதுமைக் கதிரையும் பச்சைக் கடலையையும் வாட்டி உண்கிறார்கள். அரைகுறையாக வெந்த அந்தத் தானியத்துக்கு ஹோலா என்றே பெயர். புராணத்தை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுத் தீயின் அருகே நின்று பாருங்கள். உதிர்ந்த சருகும் உலர்ந்த சுள்ளியும் எரிகின்றன. புதிய கதிர் வாட்டப்படுகிறது. விளைச்சல் கைக்கு வரும் வேளையில் உழவர் கூடி, முதல் கதிரைச் சுவைக்கும் களம் அது.

ஏழாம் நூற்றாண்டில் ஹர்ஷன் இயற்றிய இரத்தினாவளி என்னும் நாடகம் வேனில் விழாவைக் காட்டுகிறது. கௌசாம்பி நகரத்து மக்கள் நறுமணப் பொடி தூவுகிறார்கள், பீச்சுக்குழலால் நீர் இறைக்கிறார்கள், ஆடிப் பாடுகிறார்கள். அரசி அசோக மரத்தடியில் காமனுக்குப் பூசை செய்கிறாள். சாயம் உண்டு, நீர் விளையாட்டு உண்டு, காமன் உண்டு. ஹோலிகா அங்கேயும் இல்லை.

இது இந்தியர்க்கு மட்டும் உரிய பழக்கமும் அன்று. பாரசீகத்திலே ஆண்டின் கடைசிச் செவ்வாய் இரவு தீ மூட்டித் தாண்டுகிறார்கள். இரவும் பகலும் ஒத்த நாளில் புத்தாண்டு பிறக்கிறது. முளைவிட்ட கோதுமையையும் சாயம் தீட்டிய முட்டையையும் வைத்து அந்நாளை வரவேற்கிறார்கள். குளிர் நாட்டு மக்கள் கதிரவன் திரும்பியதைக் கொண்டாடினர். உழவர் விளைவைக் கொண்டாடினர். இளையோர் வேனிலைக் கொண்டாடினர். கொண்டாட்டத்தின் கருவறையில் முதலில் இருந்தது பருவம். அதிலே தெய்வத்தைக் கொணர்ந்து வைத்தது பின்னர் நடந்த வேலை.

தமிழர் கண்ட காமன்

நம் பக்கம் திரும்புவோம். கலித்தொகையில் பாலைக்கலிப் பாடல்கள் இளவேனிலையும் அப்போது எடுக்கும் காமன் விழாவையும் பேசுகின்றன. பொருள் தேடப் பிரிந்த தலைவன், அந்த விழாவுக்குள் வந்துவிடுவதாகச் சொல்லிச் சென்றான். குயில் கூவிவிட்டது, மாம்பூ மலர்ந்துவிட்டது, அவன் வரவில்லையே என்று தலைவி ஏங்குகிறாள். பிரிந்தவர் கூடும் நாள், காதலர் ஆற்றங்கரையில் ஆடும் நாள் என்றே அவ்விழா அங்கே நினைக்கப்படுகிறது.

சிலப்பதிகாரத்தில் காவிரி கடலொடு கலக்கும் இடத்தருகே காமவேள் கோட்டம் இருக்கிறது. இரு குளங்களில் நீராடி அக்கோட்டம் தொழுதால் கணவன் திரும்புவான் என்று கண்ணகியிடம் தோழி தேவந்தி சொல்கிறாள். கண்ணகி மறுக்கிறாள். அது தனக்குப் பெருமை தருவதாகாது என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறாள். காமனைத் தொழுதவரும் தமிழகத்தில் இருந்தனர். தொழாமல் தலைநிமிர்ந்தவரும் இருந்தனர். தொழாத கண்ணகியை யாரும் தீயிலிட முற்படவில்லை. அந்தப் பண்பாட்டை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அதன்பின் பக்திக் காலம். நாச்சியார் திருமொழியின் முதல் பத்திலே ஆண்டாள் தையிலும் மாசியிலும் காமனை நோற்கிறாள். தன்னைத் திருமாலோடு சேர்த்துவைக்கக் கரும்புவில்லானிடம் முறையிடுகிறாள். திருமாலின் அடியவளே காமனிடம் கைகூப்பும் அளவுக்கு, அந்த விழா மக்களிடையே வேரோடியிருந்தது.

இப்படித் தொழப்பட்டவன் எப்போது எரிக்கப்பட்டான்? காளிதாசனின் குமாரசம்பவம் மூன்றாம் பகுதியில் காமனைச் சாம்பலாக்கி, நான்காம் பகுதியில் இரதியைப் புலம்ப வைக்கிறது. தமிழிலே கந்தபுராணம் அதனைப் பாடுகிறது. மயிலாடுதுறைக்கு அருகே கொறுக்கை என்று இன்று வழங்கும் திருக்குறுக்கை, சிவனின் வீரச்செயல் நிகழ்ந்ததாகச் சொல்லும் எட்டு வீரட்டங்களுள் ஒன்று. காமனை எரித்த இடம் என்பது அதன் தலபுராணம். துறவை உயர்த்திப் பேசிய சமயம், காதலின் தெய்வத்தைத் தோற்றவனாகக் காட்ட வேண்டியிருந்தது. ஆகவே காமனின் விழா நீங்காமல் நின்றது. அதன் நாயகன் மட்டும் குற்றவாளி ஆனான்.

குற்றம் என்ன? அதையும் ஆராய்வோம். சிவன் மோனத்தில் இருக்கிறார். அசுரரை வெல்ல அவருக்கு ஒரு மகன் பிறந்தாக வேண்டும். அது தேவர்களின் தேவை. தேவர்கள் கூடிக் காமனை அழைத்து, போய் அம்பு விடு என்றனர். போனால் அழிவேன் என்று அவன் அஞ்சினான். கட்டளை என்றனர். போனான், எய்தான், எரிந்தான். மகன் பிறந்தான், தேவர்கள் வாழ்ந்தனர். ஏவியவர் எல்லாம் தப்ப, ஏவப்பட்டவன் ஒருவனே சாம்பலானான்! உலைக்களத்தில் நிற்கும் தொழிலாளிக்கு இந்தக் கதை புரியும். நம் சிற்றூர்ப் பாமரனுக்கும் அது புரிந்திருக்கிறது என்பதற்குச் சான்று உண்டு. அதனை இறுதியில் சொல்கிறேன்.

முட்டையும் முயலும்

இந்து சமயத்து விழாவைத்தான் துருவித் துருவிப் பார்ப்பீர்களோ என்று கேட்பவர் இருப்பர். நமக்கு வேறுபாடு இல்லை. பொன்னேரிக்குக் கிழக்கே பழவேற்காட்டிலே பழமையான மாதா கோயில் இருக்கிறது. அங்கே வேனிலில் ஈஸ்டர் திருநாள் வருகிறது. அதையும் இதே உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம்.

ஏசு சிலுவையில் மாண்டு மூன்றாம் நாள் எழுந்தார் என்பது அத்திருநாளின் கதை. அது யூதரின் பாஸ்கா விழாக்காலத்தில் நிகழ்ந்ததாக விவிலியம் சொல்கிறது. பாஸ்காவோ வேனில் திங்களின் முழுநிலவில் வருவது. எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டதை நினைப்பது. அதே பருவத்தில்தான் புதிய வாற்கோதுமையின் முதல் கட்டைக் கோயிலுக்குக் கொடுப்பது யூதர் வழக்கமாக இருந்தது. 325இல் நைசியாவில் கூடிய திருச்சபைப் பேரவை, எல்லாக் கிறித்தவரும் ஒரே நாளில் ஈஸ்டர் கொண்டாட வேண்டும் என்று முடிவு செய்தது. மார்ச் 21ஆம் நாளிலோ அதற்குப் பின்னோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறு என்னும் கணக்கு நிலைபெற்றது. நிலவும் கதிரும் இன்றி அத்திருநாளைக் குறிக்கவே இயலாது!

பெயரைப் பாருங்கள். இங்கிலாந்தில் வாழ்ந்த பீட் என்னும் கிறித்தவத் துறவி 725இல் எழுதிய கால நூலிலே, தம் முன்னோர் ஒரு திங்களை ஈஸ்டர் என்னும் பெண்தெய்வத்தின் பெயரால் அழைத்தனர் என்கிறார். அந்தத் தெய்வம் குறித்து நமக்குக் கிடைக்கும் பழஞ்சான்று அவர் ஒருவரே. ஆகவே அதன்மேல் பெரிய மாளிகை கட்டுவது பகுத்தறிவாகாது. முட்டையின் வரலாறு இன்னும் எளியது. நாற்பது நாள் நோன்பில் முட்டை உண்ணலாகாது என்று இடைக்காலத் திருச்சபை தடுத்தது. கோழிக்குத் தடை தெரியுமா? அது இட்டுக்கொண்டே இருந்தது. நோன்பு முடிந்த நாளில் குவிந்து கிடந்த முட்டைகளைச் சாயம் தீட்டிப் பகிர்ந்துகொண்டனர். முட்டையைக் கொண்டுவந்து ஒளித்துவைக்கும் முயலோ, 17ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய நாட்டு வழக்கமாக ஏட்டில் ஏறுகிறது. பின்னர் அமெரிக்கா சென்று கடைவீதிப் பொருளாயிற்று. முட்டை கல்லறையின் குறி, முயல் புதுவாழ்வின் குறி என்பவை எல்லாம் பின்னர் சொன்ன பொருள்.

ஆக, சின்னம் முதலில் வயிற்றிலிருந்தும் வயலிலிருந்தும் பிறக்கிறது. அதற்குப் பொருள் உரைப்பவர் பின்னால் வருகிறார். நம் காமன் பண்டிகையில் நடும் ஆமணக்கும் கரும்பும், சுற்றிவைக்கும் வைக்கோலும், அடுக்கும் வறட்டியும் எதைக் காட்டுகின்றன? தையில் அறுவடை முடிந்த உழவன் வீட்டிலே எஞ்சிக் கிடப்பவை அவை. கயிலாயத்திலிருந்து வந்த பொருள் ஒன்றும் அதிலே இல்லை.

எரிவதில் என்ன மகிழ்ச்சி?

கதை பின்னால் வந்ததுதானே, இருந்துவிட்டுப் போகட்டுமே என்று சிலர் கூறலாம். அப்படி விட்டுவிட முடியாத காரணம் ஒன்று உண்டு. கதை பிள்ளைகளுக்குப் பாடம் ஆகிறது. மாற்றான் தங்கை எரியும்போது கைகொட்டிச் சிரிக்கலாம் என்ற பாடத்தை, சாயப்பொடியோடு சேர்த்துக் கொடுக்கிறோம்.

இரணியன் யார்? தன் மகன் பிற தெய்வத்தைத் தொழக்கூடாது என்ற தந்தை. அவன் தரப்பை யாராவது கேட்டதுண்டா? 1934இல் பாரதிதாசன் கேட்டார். "இரணியன் அல்லது இணையற்ற வீரன்" என்னும் நாடகத்தை எழுதினார். அவ்வாண்டிலேயே பெரியார் முன்னிலையில் அது மேடை ஏறியது. தோற்றவன் பக்கம் நின்று கதையை மீண்டும் சொல்லும் துணிவு அன்று தமிழ் மேடைக்கு வந்தது. ஹோலிகாவின் பக்கம் நின்று சொல்ல, இன்னும் எத்தனை பேர் வேண்டும்! அண்ணன் ஆணையிட்டான், அவள் அமர்ந்தாள். அங்கே காமன், இங்கே ஹோலிகா. இருவரும் ஏவப்பட்டவர். இருவரும் எரிந்தவர்.

அதே வேளையில் நம் வகுப்பறைச் சிரிப்பையும் கண்டிக்க வேண்டும். வடக்கத்திப் பண்டிகை என்று கேலி பேசியவன் எரித்தவன் பக்கமே நின்றான் என்பதை அவன் அறியான். சாயம் ஒட்டிய காதோடு வந்த தொழிலாளியின் மகனை இகழ்வது சுயமரியாதை ஆகாது. நாம் எதிர்ப்பது புராணத்தை. புலம்பெயர்ந்து வந்த உழைப்பாளியை அன்று.

பாமரன் வைத்த வழக்கு

இனி நான் சொல்வதாகக் கூறிய சான்று.

காமன் பண்டிகை நடக்கும் ஊர்களில் இலாவணி என்றொரு பாட்டுக் கலை உண்டு. தஞ்சையை மராத்தியர் ஆண்ட 1676 முதல் 1855 வரையான காலத்தில் வந்து, தமிழாகவே மாறிப்போன கலை. இரு கட்சிகள் எதிரெதிரே அமரும். ஒன்று எரிந்த கட்சி. காமன் எரிந்தான் என்று பாடும். மற்றது எரியாத கட்சி. எரியவே இல்லை என்று பாடும். கேள்விக்குப் பாட்டு, பாட்டுக்கு எதிர்ப்பாட்டு என விடிய விடிய வழக்கு நடக்கும். ஊரே சுற்றியிருந்து கேட்கும்.

எண்ணிப் பாருங்கள் நண்பர்களே! தலபுராணம் ஒரு பக்கம் தீர்ப்பு எழுதிவிட்டது. சிற்பத்தில் செதுக்கியாயிற்று. அதே கதையைத் தெருவிலே நிறுத்தி, எரிந்தானா இல்லையா என்று வழக்காட நம் சிற்றூரான் உரிமை எடுத்துக்கொண்டான். எரியாத கட்சிக்கு வலுவான வாதமும் உண்டு. காமன் எரிந்தது மெய்யானால் மண்ணிலே காதல் ஏது, மழலை ஏது, இந்தப் பாட்டைக் கேட்க நீயும் நானும் ஏது? ஏட்டறிவு இல்லாதவன் என்று இகழப்பட்டவன் எழுப்பக்கூடிய கேள்வி இது. மறுத்துப் பேசியவனை ஊர் விலக்கவில்லை, விடியும்வரை கேட்டது.

கடல் கடந்தும் போயிற்று அக்கதை. 19ஆம் நூற்றாண்டில் காப்பித் தோட்டத்துக்கும், 1867க்குப் பின் தேயிலைத் தோட்டத்துக்குமாகக் கப்பலேறிய தமிழர், இலங்கை மலையகத்துக்குக் காமன் கூத்தைக் கொண்டு சென்றனர். லயத்துக் காம்பராக்களில் வாழ்ந்தவர் மாசியில் கம்பம் நட்டு, மதனும் இரதியுமாக வேடமிட்டு ஆடினர். 1948இல் இலங்கை அரசின் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. துணையை இழந்த இரதி ஒப்பாரி வைக்கும் காட்சியிலே, மண்ணை இழந்த மக்கள் யாரை நினைத்து அழுதிருப்பர்? அங்கே மக்கள் நெஞ்சம் எரித்தவனைப் போற்றுவதில் நிற்கவில்லை, எரிந்தவனுக்காக உருகிற்று. எரிந்தவனை மீண்டும் உயிர்ப்பிக்கும் சடங்கையும் அவர்கள் கூத்தோடு வைத்துக்கொண்டனர்.

நம் ஊரிலும் சித்திரையில் ஒரு காட்சி உண்டு. ஆரணி ஆற்றங்கரையில் உள்ள கரிகிருஷ்ணப் பெருமாள் கருடன்மீதும் அகத்தீசுவரர் காளைமீதும் புறப்பட்டு, அரிஅரன் கடைவீதியிலே சந்திக்கிறார்கள். அரியா, அரனா என்று அடித்துக்கொண்ட சமயங்களுக்குத் தெருவிலே சமாதானம் செய்துவைத்து, தெருவுக்கும் அந்தப் பெயரை இட்டிருக்கிறார்கள். தெய்வங்கள் எங்கே சந்திக்க வேண்டும் என்பதை முடிவு செய்தவர்கள் மனிதர்களே. விழாவின் பொருளை முன்னோர் மாற்றினர் என்றால், நாமும் மாற்றலாம்.

அடுத்த வாரம் அந்த வகுப்பை இரண்டாகப் பிரித்து அமர்த்தினேன். ஒரு பக்கம் எரிந்த கட்சி, மறுபக்கம் எரியாத கட்சி. கேலி பேசியவன் எரிந்த கட்சியிலே உட்கார்ந்தான். பீகார்ச் சிறுவன் தானாக எழுந்து எரியாத கட்சிக்குப் போனான். கேள்வி கேட்ட அந்தப் பெண்ணும் அங்கேதான் இருந்தாள். "ஹோலிகாவுக்கு வரம் இருந்ததே, அது எப்படிப் பொய்த்தது?" என்று அவன் கேட்டபோது எரிந்த கட்சி திகைத்தது. இத்தனை ஆண்டு கொண்டாடியும் அவன் அதுவரை கேட்காத கேள்வி அது. சிரித்தவனே எழுந்து, "நீ சொல்லு, உங்கள் ஊரில் என்ன சொல்வார்கள்?" என்று அவனிடம் விவரம் கேட்டான்.

இளைஞர்களே! வேனில் வரட்டும். மாம்பூ மலரட்டும். சாயமும் பாட்டும் கூத்தும் இருக்கட்டும். அவை உழைத்த மக்களின் உடைமை. தீயை வளர்ப்பதென்றால் சருகை இடுங்கள். அதில் மனிதரை இடும் கதையை மட்டும் தெருவுக்குக் கொண்டு வந்து, நம் பாட்டனார் செய்ததுபோல் விடிய விடிய வழக்காடுங்கள்.